கல்லடியும் மென்தகட்டு உருக்கும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு நகரிலிருந்து வாவியைக் கடந்து கல்லடிக்குச் செல்வோர், புதிய பாலத்தின் அருகே பழைய இரும்புப் பாலம் நிற்பதைக் காண்பர். தேசாதிபதி சேர் வில்லியம் மனிங் ஆட்சிக்காலத்தில், 1924 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்று, அவர்தம் மனைவியாரின் பெயரால் லேடி மனிங் பாலம் என வழங்கப்பெற்றது அது. நிலாக் காலத்திலே அதன்கீழ் மீன்பாடும் இசையைக் கேட்கப் படகேறிச் சென்றோர் பலர். 2013 ஆம் ஆண்டில் யப்பானிய உதவியுடன் அமைந்த புதிய பாலம் வண்டிகளின் பாரத்தை ஏற்றுக்கொண்டபின், முதியவர் ஒருவர் இளைப்பாறுவதுபோல அது வாவியின்மேல் அமைந்துளது.

கல்லடியிலே இன்னுமோர் உருக்கு உண்டு. அதனைப் பார்ப்பதற்கென எவரும் வருவதில்லை, அதன் பெயரால் பாட்டும் இல்லை, கதையும் இல்லை. வீட்டுக் கூரையிலும், கடைத்தெருவிலும், பாடசாலை மண்டபத்திலும், மீன்பிடிக் கொட்டிலிலும் நம் தலைக்குமேல் விரிந்து கிடக்கும் மெல்லிய நெளிதகடும், அதனைத் தாங்கும் மெல்லிய உருக்குச் சட்டமுமே அவை. பாலத்தின் உறுப்புக்களை நோக்க இத்தகடு காகிதம் போன்றது. ஆயினும் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட இம்மண்ணிலே வாழ்வோரின் உயிரும் உடைமையும் பாலத்தினும் இத்தகட்டையே பெரிதும் நம்பியுள்ளன. அது எவ்வாறு பிறந்தது, எவ்வாறு பாரம் தாங்குகின்றது, எப்பொழுது நம்மைக் கைவிடுகின்றது என்பனவற்றை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

உருக்கை வேண்டிய வடிவிற்குக் கொணர்தற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, ஆயிரம் பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றி, இளகிய நிலையில் உருளைகளுக்கிடையே செலுத்தித் தடித்த கோணங்களாகவும் விட்டங்களாகவும் ஆக்குவது. பெரும் பாலங்களின் உறுப்புக்கள் இவ்வாறு பிறந்தவை. மற்றையது, முன்னரே தகடாக்கிய உருக்கை மேலும் சூடேற்றாது, சாதாரண வெப்பநிலையிலேயே, வரிசையாக நிறுத்திய உருளைச் சோடிகளுக்கிடையே செலுத்திச் சிறிது சிறிதாக வளைத்தும் மடித்தும் உருவாக்குவது. மேலைநாட்டார் இதனைக் குளிர்நிலையில் உருவாக்கிய உருக்கு என்பர். இக்கட்டுரையில் மென்தகட்டு உருக்கு என்றே வழங்குவாம். கல்லடி உப்போடையில் 1929 ஆம் ஆண்டிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலாநந்தர், துறவு பூணுமுன் விஞ்ஞானம் கற்பித்தவர். பின்னர் தமிழ்நாட்டிற் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்தவர். அவர் வாழ்ந்த ஊரைப் பற்றிய கட்டுரையிலே தமிழ்ச்சொல் கொண்டு இதனைக் குறிப்பது பொருத்தமேயாகும்.

இம்முறையின் தோற்றம் இலண்டன் துறைமுகத்திலே நிகழ்ந்தது. அங்குப் பொறியியலாளராகப் பணியாற்றிய ஹென்றி ரொபின்சன் பாமர் என்பார், 1829 ஆம் ஆண்டிலே இரும்புத் தகட்டை நெளிவாக்கிக் கூரைக்குப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டிலே துறைமுகப் பண்டகசாலை ஒன்றின்மேல் அத்தகைய கூரை எழுந்தது. வளைந்த வில்லைப்போல் அமைந்த அக்கூரையைத் தாங்குவதற்குக் கைமரமும் தீராந்தியும் தேவைப்படவில்லை. தகடே தன்னைத் தாங்கிநின்றது. பார்த்தோர் வியந்தமைக்குக் காரணமுண்டு.

ஒரு தாளை எடுத்து இரு நூல்களின்மேல் பாலம்போல் வைத்தால் அது தொய்ந்து வீழும். அதே தாளை விசிறிபோல் மடித்து வைத்தால் பென்சிலொன்றையும் தாங்கும். தாளின் அளவு கூடவில்லை. அதன் பொருள் இருக்கும் இடமே மாறியது. வளைவை எதிர்க்கும் ஆற்றல், பொருள் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றதோ அவ்விலக்கத்தின் இருமடிக்கேற்பப் பெருகும். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள தட்டையான உருக்குத் தகட்டை, 17 மில்லிமீற்றர் ஆழமுள்ள நெளிவுகளாக வளைத்தால், நெளிவின் திசையிலே அதன் விறைப்பு ஆயிரத்தைந்நூறு மடங்குக்கு மேல் உயர்வதைக் கணித்துக் காணலாம். பாமர் செய்தது இவ்வளவே. எடையினாற் பெறவேண்டிய வலிமையை வடிவினாற் பெற்றார். மென்தகட்டு உருக்கின் வரலாறு முழுவதும் இவ்வொரு கருத்தின் விரிவே எனலாம்.

பாமரின் தகட்டுக்குப் பெரும்பகை துருவாகும். 1837 ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்துச் சோரல் என்பார், உருகிய நாகத்திலே இரும்பைத் தோய்த்தெடுத்துப் பூச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாகம் இரும்பை மூடி மறைப்பதோடு நில்லாது, கீறல் விழுந்த இடத்திலே தான் முன்னர் அரிபட்டு இரும்பைக் காக்கவும் செய்யும். இவ்விரு கண்டுபிடிப்புக்களும் இணைந்தபோது, கப்பலில் அடுக்கி உலகெங்கும் அனுப்பத்தக்க கூரை பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் தேனிரும்பின் இடத்தை உருக்குப் பற்றிக்கொண்டது. அவுஸ்திரேலியாவின் சுரங்கங்கள், ஆபிரிக்காவின் புகையிரத நிலையங்கள், நம் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகள் ஆகிய எல்லாம் அத்தகட்டையே போர்த்தன.

நம்மவர் அதனைத் தகரம் என்றனர். தகரம் என்பது முன்னாளில் வேறோர் உலோகத்தின் பெயராகும்; நாம் கூரையில் இடுவதோ நாகம் பூசிய உருக்கு. கிடுகு, பனையோலை, ஓடு என்பனவற்றின் தன்மையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த மக்களுக்குத் தகரம் புதிது. அது மழையைத் தடுத்தது, தீப்பற்றவில்லை, ஆண்டுதோறும் மாற்றவேண்டியதில்லை. அதன் நன்மைகள் வந்த அன்றே தெரிந்தன. அதன் குறை தெரிவதற்குப் பெருங்காற்று ஒன்று வேண்டியிருந்தது.

அதனைக் கூறுமுன், இத்தகடு பாரத்தைத் தாங்கும் முறையைச் சிறிது ஆராய்தல் வேண்டும். தடித்த உருக்குத் தூண் அளவுக்கு மிஞ்சிய பாரம் வந்தால் நசியும், அன்றேல் முழுத்தூணாக வளையும். மெல்லிய தகட்டாலான தூணோ இவ்விரண்டிற்கும் முன்னரே வேறொன்றைச் செய்யும். அதன் தட்டையான பக்கங்கள் ஆங்காங்கே அலையலையாகக் குழிந்தும் புடைத்தும் நெளியும். ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் 100 மில்லிமீற்றர் அகலமும் கொண்டு, இருபுறமும் மடிப்புக்களாற் பிடிக்கப்பட்ட தட்டுப்பகுதி, சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 72 நியூற்றன் அழுத்தத்திலேயே நெளியத் தொடங்கும். அவ்வுருக்கின் பொருள்வலிமை 450 நியூற்றன் என்று கொள்வோமாயின், ஆறிலொரு பங்கிலேயே நெளிவு தொடங்குகின்றது. பழைய பொறியியல் விதிகளின்படி அத்தூண் அப்பொழுதே தோற்றதாகக் கருதப்படும்.

ஆனால் அது வீழ்வதில்லை. நடுப்பகுதி நெளிந்து பாரத்தைக் கைவிட்டபோதும், மடிப்புக்களை ஒட்டிய இருகரைகளும் நேராக நின்று பாரத்தை ஏற்றுக்கொள்கின்றன. விமானச் சிறகுகளின் மெல்லிய தகடுகளை ஆராய்ந்த வொன் கார்மன் முதலியோர் 1932 ஆம் ஆண்டிலே இதற்கொரு வழி கண்டனர். தகட்டின் முழு அகலத்தையும் கணக்கிற் கொள்ளாது, உண்மையில் உழைக்கும் அகலத்தை மட்டும் கொள்க என்பதே அவ்வழி. அதனைக் கட்டடங்களுக்கு ஏற்றவாறு திருத்தியமைத்தவர் ஜோர்ஜ் வின்டர் ஆவர். வியன்னாவிலே பிறந்து, ஐக்கிய அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தை அடைந்த அவர், 1939 ஆம் ஆண்டு முதல் அமெரிக்க இரும்பு உருக்கு நிறுவகத்தின் ஆதரவிலே நூற்றுக்கணக்கான மெல்லிய உறுப்புக்களைப் பாரமேற்றி உடைத்துப் பார்த்தார். அதன் பயனாக 1946 ஆம் ஆண்டிலே மென்தகட்டு உருக்குக்கான முதலாவது விதிநூல் வெளிவந்தது. வின்டரின் சூத்திரப்படி, மேற்கூறிய 100 மில்லிமீற்றர் தட்டுப்பகுதியிலே ஏறத்தாழ 37 மில்லிமீற்றரே இறுதியில் உழைக்கும். ஆயினும் அது தாங்கும் பாரம், நெளிவு தொடங்கிய பாரத்தின் இருமடங்கிற்கும் மேலாகும்.

பாமரின் கூரை எழுந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதனைக் கணிக்கும் நூல் இல்லாதிருந்தமை ஈண்டு நோக்கற்பாலது. பொருள் முன்னர் வந்தது. அறிவு பின்னர் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் தச்சர் கைக்கணக்கிலும் விற்பவர் வாய்ச்சொல்லிலும் கூரைகள் நின்றன. நம் நாட்டிலே அவ்விடைக்காலம் இன்னும் முற்றாகக் கழியவில்லை என்பதே எமது கருத்து.

இன்று கல்லடியிற் கட்டப்பெறும் மண்டபங்களிலே மரச்சலாகைக்குப் பதிலாகச் சீ என்னும் ஆங்கில எழுத்தின் வடிவான சட்டங்களைக் காண்கின்றோம். அவற்றின் விளிம்புகள் உட்புறமாகச் சிறிதே மடிக்கப்பட்டிருக்கும். காண்போர் அதனை அழகுக்கென்று எண்ணக்கூடும். ஒருபுறம் மட்டும் பிடிக்கப்பட்டு மறுபுறம் கட்டின்றி நிற்கும் தட்டு, இருபுறமும் பிடிக்கப்பட்ட தட்டின் ஒன்பதிலொரு பங்கு அழுத்தத்திலேயே நெளிந்துவிடும். விரலகலமும் இல்லாத அம்மடிப்பு, கட்டற்ற விளிம்பைக் கட்டுண்ட விளிம்பாக்குகின்றது. விலையைக் குறைப்பதற்காக அம்மடிப்பின்றி வளைத்த சட்டம், பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், தொழிலில் வேறானது. மேலும், சீ வடிவச் சட்டத்தின் நடுத்தட்டின்மேல் வரும் பாரம் அதனை வளைப்பதோடு முறுக்கவும் செய்யும். ஏனெனில் முறுக்கின்றிப் பாரத்தை ஏற்கும் அச்சு அச்சட்டத்தின் உடலுக்கு வெளியே, முதுகுப்புறத்தில் உள்ளது. ஆதலின் அச்சட்டங்களை இடையிடையே ஒன்றோடொன்று பிணைத்தல் இன்றியமையாதது.

இனிப் பெருங்காற்றுக்கு வருவோம். மட்டக்களப்புப் பிரதேசம் சூறாவளியை அறியாததன்று. 1907 ஆம் ஆண்டுச் சூறாவளியைப் பற்றி முதியோர் தம் மக்களுக்குக் கூறிவந்தனர். ஆயினும் 1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23 ஆம் நாள் இரவு கிழக்குக் கரையைத் தாக்கிய புயல் பேரழிவை விளைத்தது. ஏறத்தாழ 915 பேர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கட்டடங்கள் சேதமுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. பதினொரு நெற்களஞ்சியங்களில் ஒன்பது சிதைந்தன. மீன்பிடிக் கலங்களில் ஐந்திலொன்று போயிற்று. தென்னையும் நெல்லும் மீனும் ஓரிரவிலே கைநழுவின. வாழ்வின் மூன்று தூண்களும் அவையே.

காற்று ஏன் கூரையைப் பறிக்கின்றது? பொதுவாகக் காற்று தள்ளும் என்றே நினைக்கின்றோம். சாய்வு குறைந்த கூரையின்மேல் அது தள்ளுவதினும் மேல்நோக்கி உறிஞ்சுவதே மிகுதி. கூரையின் மேல் விரைந்து வழியும் காற்றின் அழுத்தம் தாழ்வதால், விமானச் சிறகை மேலே தூக்கும் அதே விதி கூரையையும் தூக்குகின்றது. சன்னலோ கதவோ காற்று வரும் திசையில் உடைந்துவிட்டால், உள்ளே புகுந்த காற்றுக் கீழிருந்தும் உந்தும். கூரையின் விளிம்புகளிலும் முகட்டிலும் மூலைகளிலும் இவ்விசை ஏனைய இடங்களைப் போல் இருமடங்காகவும் இருக்கக்கூடும்.

இவ்விசையின் அளவை நோக்குவோம். செக்கனுக்கு 49 மீற்றர் வேகத்தில் வீசும் காற்று, சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் எடைக்குச் சமமான அழுத்தத்தைத் தரவல்லது. அரை மில்லிமீற்றர் நெளிதகட்டின் எடையோ சதுர மீற்றருக்கு நான்கு அல்லது ஐந்து கிலோகிராம் மட்டுமே. ஓட்டுக்கூரை அதனினும் பத்து மடங்கு கனமானது. ஓடுகள் சிதறினும் கைமரங்களின்மேல் ஒரு பாரம் அழுந்திக்கிடக்கும். தகரக்கூரையைக் கீழே பிடித்திருக்க அதன் எடை உதவாது. அதனைப் பிடித்திருப்பன ஆணிகளும் திருகாணிகளுமே. சட்டங்கள் 90 சென்ரிமீற்றர் இடைவெளியிலும், ஒவ்வொரு சட்டத்திலும் திருகாணிகள் 30 சென்ரிமீற்றர் இடைவெளியிலும் அமைந்தால், ஒவ்வொரு திருகாணியும் ஏறத்தாழ 40 கிலோகிராம் இழுவையை ஏற்கும். மூலையிலோ 80 கிலோகிராம். செலவு கருதி ஒன்றைவிட்டு ஒன்றைப் பூட்டினால் இவ்வளவுகள் இரட்டிக்கும். பாமர் எடையை அகற்றிப் பெற்ற நன்மைக்கு நாம் கொடுக்கவேண்டிய விலை இதுவே. எடை செய்துவந்த வேலையை இணைப்புச் செய்தல் வேண்டும்.

சட்டத்துக்கும் இவ்வாறே நேர்கின்றது. நாள்தோறும் பாரம் கீழ்நோக்கி அழுத்தும்போது, சீ வடிவச் சட்டத்தின் மேல்விளிம்பு அமுக்கத்துக்கு உள்ளாகும். அவ்விளிம்பைத் தகடு பற்றிப் பிடித்திருப்பதால் அது பக்கவாட்டில் விலகாது. சூறாவளியில் விசை மேல்நோக்கித் திரும்பும்போது கீழ்விளிம்பு அமுக்கப்படும். அதனைப் பிடிப்பார் எவருமில்லை. எனவே முப்பது ஆண்டுகள் குற்றமின்றி நின்ற சட்டம் ஓரிரவிலே முறுகி மடியக்கூடும். பல்லாண்டு நின்றது என்பது சூறாவளியை எதிர்க்கும் என்பதற்குச் சான்றாகாது. கூரை போனபின் சுவரின் தலைப்புப் பிடிப்பின்றி நிற்கும். அடுத்த வீச்சிலே சுவரும் சாயும். பறந்த தகடோ வாளாகி வெளியில் நின்றாரை வெட்டும்.

கிழக்கிலங்கையின் துயருக்கு நான்கு ஆண்டுகளின் முன், 1974 ஆம் ஆண்டு நத்தார் நாளிலே, அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரை திரேசி என்னும் சூறாவளி அழித்தது. அந்நகர வீடுகளும் பெரும்பாலும் மென்தகட்டுக் கூரை கொண்டவை. அழிவை ஆராய்ந்த பொறியியலாளர் எதிர்பாராத உண்மையொன்றைக் கண்டனர். ஒருமுறை இழுத்துச் சோதித்தபோது போதிய வலிமை காட்டிய தகடுகள், சூறாவளியிலே திருகாணித் தலையைச் சுற்றி வெடித்துக் கிழிந்திருந்தன. சூறாவளி ஒரேயடியாக இழுப்பதன்று. மணிக்கணக்காக விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான முறை இழுப்பது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பதுபோலத் திருகாணியைச் சுற்றிய உருக்கு களைத்து முறிகின்றது. அதன்பின் டார்வினிலே பதினாயிரம் முறை இழுத்துவிட்ட பின்னரும் தாங்கும் தகடே ஏற்கப்படும் என விதி செய்தனர். 1977 ஆம் ஆண்டிலே டவுன்ஸ்வில் நகரின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் சூறாவளிச் சோதனை நிலையமும் தோன்றியது. அந்நிலையத்திலும் பின்னர் பிரிஸ்பேன் நகரிலும் மென்தகட்டுக் கூரைகள் திருகாணியினின்று கிழிந்து வெளியேறும் முறையை ஆராய்ந்தோருள், இலங்கையிலே பொறியியற் பட்டம் பெற்ற பேராசிரியர் மகேன் மகேந்திரன் குறிப்பிடத்தக்கவர். அத்துறையில் உலகறிந்த ஆய்வாளருள் ஒருவர் நம் நாட்டில் பயின்றவர் என்பது நம் மாணாக்கர் அறியவேண்டியதொன்று.

நம் நாடும் 1978 இன் பாடத்தை முற்றாகப் புறக்கணித்தது என்று கூறுதல் நேர்மையாகாது. 1980 ஆம் ஆண்டிலே, பெருங்காற்றுக்குக் கட்டடங்களை வகுக்கும் கைந்நூலொன்றை அரசாங்கம் வெளியிட்டது. அது நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. மட்டக்களப்பு அடங்கிய கிழக்குக் கரை முதலாம் வலயம்; கொழும்பு மூன்றாம் வலயம். சாதாரண கட்டடங்களுக்கு முதலாம் வலயத்திலே செக்கனுக்கு 49 மீற்றரும், மூன்றாம் வலயத்திலே 33 மீற்றரும் கொள்ளவேண்டும் என்றது. இவ்விரு எண்களின் வேறுபாடு சிறிதெனத் தோன்றும். ஆனால் காற்றழுத்தம் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதாதலின், கல்லடிக் கூரை தாங்கவேண்டிய விசை கொழும்புக் கூரை தாங்கவேண்டியதைப் போல் ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு ஆகின்றது.

இவ்வெண்ணை நாம் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். தகடும் சட்டமும் திருகாணியும் பெரும்பாலும் தலைநகரப் பண்டகசாலைகளிலிருந்தே கிழக்குக்கு வருகின்றன; அவற்றோடு அவற்றைப் பூட்டும் வழக்கமும் வருகின்றது. அங்கே குறைவின்றி நிற்கும் இடைவெளி இங்கே குறைவுடையது. ஒரே தகடு, ஒரே சட்டம், ஒரே கைவினை. ஊர் மாறியதால் மட்டும் நன்கு கட்டிய கூரை தவறாகக் கட்டிய கூரையாகின்றது. தகட்டைத் தடிப்பாக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. சட்டங்களை நெருக்குதல், விளிம்பிலும் முகட்டிலும் மூலையிலும் ஒரு நெளிவும் தவறாது திருகாணியிடுதல், அதன் தலைக்கீழ் அகன்ற வில்லையிடுதல், சட்டத்தைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவர்த்தலையில் உள்ள வளையோடும், வளையை அத்திவாரத்தோடும் அறாது பிணைத்தல் ஆகியனவே வேண்டுவன. இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளரினும் ஏனையவை வலிமையாயிருந்தும் பயனில்லை. கட்டடச் செலவு முழுவதையும் நோக்க இவற்றிற்காகும் செலவு சிறிதே.

காற்று ஓரிரவிற் செய்வதை உப்பு மெல்ல மெல்லச் செய்யும். ஒருபுறம் கடலும் மறுபுறம் உவர்வாவியும் சூழ்ந்த கல்லடியிலே உப்புக்காற்று உறங்குவதில்லை. தரமான நெளிதகட்டின் ஒவ்வொரு முகத்திலும் உள்ள நாகப்பூச்சு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதிலொரு பங்கு தடிப்புடையது. கடுமையான கடலோரச் சூழலிலே ஆண்டுக்கு நாலு முதல் எட்டு மைக்ரோன் வரை நாகம் அரியும் எனக் கணித்துள்ளனர். ஆகவே கடலை நோக்கிய கூரையிலே அப்பூச்சு ஐந்தாண்டுக்குள்ளேயே தீர்ந்துவிடக்கூடும். 1972 ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்த, அலுமினியமும் நாகமும் கலந்த பூச்சு இதனினும் நெடுங்காலம் உழைப்பது. எனினும் அதுவும் அழியாததன்று.

இங்கே பழைய பாலத்தை மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். பத்து மில்லிமீற்றர் தடிப்புள்ள பால உறுப்பிலே கால் மில்லிமீற்றரைத் துரு தின்றால் நாற்பதிலொரு பங்கே போயிற்று. வண்ணம் பூசி மேலும் வாழலாம். அரை மில்லிமீற்றர் தகட்டிலே அதே கால் மில்லிமீற்றர் போனால் பாதி போயிற்று. அதுவும் எல்லா இடத்திலும் ஒன்றுபோற் போவதில்லை. திருகாணித் துளையைச் சுற்றியும், தகடு ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஈரம் தங்கும் இடத்திலும் முதலிற் போகும். விசை மிகுந்து குவியும் இடமும் துரு முதலிற் பற்றும் இடமும் ஒன்றாகவே அமைந்திருப்பதுதான் மென்தகட்டுக் கூரையின் பெருங்குறை. தகடு பளபளப்பாய் இருக்கையிலேயே அதனைப் பிடித்திருக்கும் ஆணி இற்றுப்போயிருக்கலாம். எனவே மாரி தொடங்குமுன், ஆண்டுதோறும் ஏணிவைத்து ஏறித் திருகாணிகளைப் பார்த்து மாற்றுதல் வேண்டும். கிடுகு வேய்ந்த நம் முன்னோர் ஆண்டுக்கொருமுறை கூரையேறினர். தகரம் வந்தபின் அவ்வழக்கத்தை நாம் கைவிட்டோம். கைவிடுதற்குரிய காரணம் தகரத்திடம் இருக்கவில்லை.

இக்கருத்துக்களை ஒரு கல்லூரி மலரிலே எழுதுவதற்குத் தனிப்பட்டதொரு நியாயம் உண்டு. 1980 ஆம் ஆண்டுக் கைந்நூல், சாதாரண கட்டடங்களுக்கு 49 மீற்றர் வேகத்தைக் கூறியதோடு, அனர்த்தத்தின் பின்னரும் இயங்கவேண்டிய கட்டடங்களுக்கு 54 மீற்றர் வேகத்தைக் கொள்ளுமாறு கூறிற்று. அவற்றின் கூரை சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 180 கிலோகிராமுக்கு ஈடான காற்றழுத்தத்துக்கு வகுக்கப்படல் வேண்டும். வெள்ளம் வந்தாலும், 2004 ஆம் ஆண்டில் ஆழிப்பேரலை எழுந்தது போன்ற பேரிடர் வந்தாலும், நம் மக்கள் எங்கே ஓடுகின்றனர்? பாடசாலைக்கும் கோயிலுக்குமே ஓடுகின்றனர். அகன்ற மண்டபத்தின் மேல் மெல்லிய சட்டமும் நெளிதகடும் வேய்ந்து, விழாவெடுத்துத் திறந்துவைக்கின்றோம். வீட்டுக் கூரையினும் பரந்து, வீட்டுக் கூரையினும் எளிதாக உறிஞ்சப்படத்தக்க அக்கூரையின்கீழ், ஊரிலே வீடிழந்தோர் அனைவரும் ஓரிரவு தங்கப்போகின்றனர் என்பதைக் கட்டுவோரும் கட்டுவிப்போரும் நினைத்தனரா? அம்மண்டபத்தைச் சாதாரண கட்டடமாக மதித்துக் கட்டுதல், நம்பி வந்தோருக்குச் செய்யும் பிழையாகும்.

இதற்காக மென்தகட்டு உருக்கைப் பழித்தலும் பொருந்தாது. காடழியாது கூரை எழுப்ப அது உதவுகின்றது. ஏழைக்கும் எட்டும் விலையிற் கிடைக்கின்றது. முறையாகக் கணித்துப் பூட்டினால் சூறாவளியையும் எதிர்த்து நிற்கும் என்பதைத் திருத்தியமைத்த டார்வின் நகரம் காட்டியுள்ளது. பாமர் அதற்கு வடிவம் தந்தார். சோரல் அதற்குக் காப்புத் தந்தார். வின்டர் அதற்குக் கணக்குத் தந்தார். 1974 இலும் 1978 இலும் மாண்டோர் அதன் எல்லையைத் தம் உயிரால் உணர்த்தினர். இந்நால்வகைச் செல்வமும் நம் கைக்கு வந்துசேர்ந்துள்ளன. பொறியியல் பயிலும் மாணாக்கர் தம் ஊர்ப் பாடசாலைக் கூரையின்கீழ் ஒருநாள் நின்று, சட்டங்களின் இடைவெளியை அளந்து, திருகாணிகளை எண்ணி, ஏட்டிற் குறித்துக்கொள்வாராயின், அதுவே சிறந்ததொரு தொடக்கமாகும். பழைய மாணவர்கள் கல்லூரிக்குப் புதுமண்டபம் அமைத்துக்கொடுக்க முன்வரும்போது, பெயர்ப்பலகை எங்கே அமையும் என்று கேட்குமுன், கூரையைப் பிடித்திருப்பது எது என்று கேட்பாராயின், கல்லடி தன் வரலாற்றிலிருந்து ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது என்று நாம் துணிந்து கூறலாம்.